திண்டிவனம் பேனரில் அழும் ஆள்

1

உங்களில் யாராவது இந்த வாரம் திண்டிவனம் பக்கம் போனால், மேம்பாலம் இறங்கும் இடத்தில் ஒரு பேனர் கண்ணில் படும். "எழும்பு ஆண்மகனே! கிறிஸ்தவ ஆண்கள் மாநாடு, இரண்டாம் ஆண்டு" என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். நடுவில் இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வெள்ளை வேட்டிக்காரர் என் அப்பா சவரிமுத்து, விழுப்புரத்தில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டையரான ரயில்வேக்காரர். அவர் தோளில் மூஞ்சியைச் சாய்த்து, வாயைக் கோணிக்கொண்டு அழுகிற தடியன் நான். கீழே "மன்னிப்பின் சாட்சி, கனடா சகோதரர்" என்று போட்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதைப் பார்த்து யாரும் உருகிவிடாதீர்கள். வழியில் போகிற மாடு ஏதாவது அதைத் தின்று தொலைத்தால் எனக்கு நிம்மதி.

படத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியது அப்பாதான், கூடவே கைகூப்பும் பொம்மை நாலு. நான் வின்னிபெக்கில் காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். உறைந்த உருளைக்கிழங்கு அட்டைப்பெட்டிகளை அடுக்கும் கிடங்கில் எனக்குச் சூப்பர்வைசர் வேலை, ஷிப்டுக்குக் கிளம்ப பத்து நிமிடம் இருந்தது. மகள் ரியா எட்டிப் பார்த்தாள். பதினாலு வயது. தமிழைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வாள், வாயால் பேசினால் பாதி காற்றாகப் போகும், எழுத்து என்றால் சுவரைப் பிடித்து நடக்கிற மாதிரி.

"ம... ன்... னிப்பு. மண்ணுன்னா ஸாயில்தானேப்பா?"

"அது மண்ணு இல்ல. மன்னிப்பு. தாத்தா என்கிட்ட கேட்டாரு."

"உங்களை என்ன பண்ணாரு?"

"என்னை ஒண்ணும் பண்ணலை. பாட்டியைத்தான்."

அவள் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். மேடை, கீபோர்டு வாசிக்கிறவன், தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும் தேடிப் பார்த்தாள்.

"அப்போ பாட்டி எங்க?"

பள்ளிக்கூட பஸ் வந்துவிட்டது. அவள் போய்விட்டாள். நான் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தேன். போன வருடம் நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

2

என் அம்மா ஆரோக்கியமேரிக்கு இடது காது கேட்காது. யாரோடு பேசினாலும் வலது காதை அவர்கள் பக்கம் திருப்பி உட்காருவார். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இடப்பக்கம் உட்கார்ந்தால்தான் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும் என்பதால், அந்த இடத்துக்காகச் சண்டைகூடப் போடுவார்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது போன காது அது. அம்மாவின் ஊர் முகையூர். அங்கே கோயில் திருவிழாவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனவர் தேர் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார். மறுநாள் காலையில்தான் விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். அப்பா நைட் டூட்டி முடிந்து வந்து, பூட்டின வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா சாவியை எடுத்தார். அப்பா ஒரே ஒரு அறை கொடுத்தார். அவ்வளவுதான். காதோரம் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு "பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டேங்க" என்றார் அம்மா. டாக்டர் என்னைப் பார்த்து "அப்படியா தம்பி?" என்றார். நான் "ஆமாங்க" என்றேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இருவரையும் கனடாவுக்கு வரவழைக்க விசா போட்டபோது அந்தக் காது மறுபடியும் வந்து நின்றது. மருத்துவப் பரிசோதனைத் தாளில் காரணம் கேட்டிருந்தார்கள். அம்மா சென்னையில் டாக்டரிடம் "பொறந்ததுலேர்ந்தே" என்று சொல்லியிருக்கிறார். நான் நிரப்பின விண்ணப்பத்திலோ "சிறுவயது விபத்து" என்று இருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை, விளக்கம் தேவை என்று ஒரு கடிதம் வந்தது. ஆணி அடித்த மாதிரி கேள்வி: எந்த வருடம், எந்த ஆஸ்பத்திரி, யார் சாட்சி. நான் லீவு போட்டு உட்கார்ந்து, இல்லாத விபத்து ஒன்றை இரண்டு பக்கத்துக்கு ஜோடித்து, உறுதிமொழி என்று கையெழுத்தும் போட்டேன். கடைசியில் விசாவும் கிடைக்கவில்லை. பொய் சொன்னதுதான் மிச்சம்.

அவர்கள் வர முடியாததால்தான் போன ஆகஸ்டில் நான் மட்டும் ஊருக்குப் போனேன். ரியா வரமாட்டேன் என்றுவிட்டாள், அவளுக்கு நீச்சல் முகாம். மனைவி ஸ்டெல்லாவுக்கு லீவு இல்லை.

3

போய் இறங்கின இரண்டாம் நாளே அப்பா மாநாட்டு நோட்டீஸை நீட்டினார்.

"சனிக்கிழமை. தகப்பனும் மவனும் ஜோடியா வரணும்னு பிரதர் சொல்லிக்கீறாரு. பேரு குடுத்துட்டேன்."

அப்பா பரம்பரைக் கத்தோலிக்கர். 'செபம்' என்றுதான் சொல்வார். இப்போது மற்ற சபைக்காரர்கள் மாதிரி 'ஜெபம்' என்கிறார். அந்த ஒரு எழுத்து மாறினால் எங்கள் பக்கத்தில் ஆளே மாறிவிட்டார் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை பழைய வழக்கமாக மாதா கோயிலுக்குப் பூசைக்கு வருவார். மற்ற நாளில் எட்வின் பிரதர் நடத்தும் ஜெபக்குழுவில் கைதட்டிப் பாடுவார்.

எனக்குப் போக விருப்பமே இல்லை. அம்மாதான் அடுப்படிக்குக் கூப்பிட்டார். கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தார். நான் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"உங்கப்பா எட்டு வருஷமா நன்மை வாங்கலடா, தெரியுமா உனக்கு?"

வெளியாட்களுக்குச் சொல்கிறேன்: பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்தை எங்களில் 'நன்மை' என்போம். அதை வாங்குவதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். சாமியாரிடம் பாவத்தைச் சொன்னால், அதற்கு ஒரு அபராதம் கொடுப்பார். பெரும்பாலும் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லு என்பதோடு போய்விடும். அபராதத்தைத் தீர்க்காமல் நன்மை வாங்கக் கூடாது என்று பழைய ஆட்கள் பயப்படுவார்கள். அப்பா பழைய ஆள்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி புதுசா ஒரு சாமியாரு வந்தாரு. சின்ன வயசு. அவருகிட்ட போயி இந்தக் காது விஷயத்தைச் சொல்லிக்கீறாரு. அந்தச் சாமியாரு மந்திரம் கிந்திரம் எதுவும் குடுக்கல. வீட்டுக்குப் போயி உன் பொண்சாதிகிட்ட மன்னிப்பு கேளு, அதான் அபராதம்னுட்டாராம். ஒருநாள் கோவத்துல இவுரே ஒளறினாரு. 'நேத்து வந்த பையன் என்னை உன் கால்ல உழச் சொல்றான்'னு. அதுலேர்ந்து வரிசையில நிக்கறதில்ல. எல்லாரும் எழுந்து போவாங்க, இவுரு மட்டும் முட்டி வலின்னு உக்காந்துக்கினு இருப்பாரு."

"நீ ஏன்மா எதுவும் கேக்கல?"

"நான் ஏன் கேக்கணும்? எனக்கு அது போதும்டா. வாராவாரம் அந்த பெஞ்சில உக்காந்து அவுரு அதை நெனச்சிக்கினுதானே இருக்காரு. என்னைக்காவது ஒருநாள் வாயைத் தொறந்துதானே ஆவணும்?" சல்லடையைத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நீ கூடப் போ. அங்க எதாவது பேச ஆரம்பிச்சாருன்னா, வீட்டுக்கு வந்து பேசச் சொல்லு. அது ஒண்ணுதான் உன்னை நான் கேக்குறது."

சொன்னாரா இல்லையா? தெள்ளத்தெளிவாகச் சொன்னார். ஆரம்பத்திலேயே இதை எழுதிவைக்கிறேன், பிறகு எனக்கு யாரும் சாக்கு தேடித் தரக்கூடாது.

4

ரயில்வே பாஸ் இருக்கும்போது பஸ் எதற்கு என்று அப்பா பாசஞ்சர் ரயிலில் கூட்டிப்போனார். பேரணி ஸ்டேஷனில் அரை மணி நேரம் நிறுத்திப் போட்டுவிட்டான். மயிலம் தாண்டியதும் அப்பா தலையைச் சீவிக்கொண்டார்.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் ரெஜிஸ்ட்ரேஷன் மேசை. என் பங்குத் தந்தையிடமிருந்து, அதாவது என் கோயில் சாமியாரிடமிருந்து, கடிதம் இருக்கிறதா என்றார்கள். வின்னிபெக்கிலிருந்து கடிதமா? எட்வின் பிரதர் ஓடி வந்தார். "கனடாவா? பிரைஸ் த லார்ட்! அவருக்கு லெட்டர் தேவையில்ல, தங்கக் கலர் பேட்ஜ் போடுங்க!" என்றார். அப்பாவுக்கு நீலக் கலர். சொந்த மண்ணில், பெற்ற தகப்பனை நீலத்தில் நிற்க வைத்துவிட்டு, ஐஸ் பெட்டி அடுக்குகிறவனுக்குத் தங்கம். அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

நெரிசலில் ஒருவர் என் காலை நசுக்கிவிட்டார். நான் சட்டென்று "ஸாரி" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா பிரதர், மிதிச்சது நானு. ஸாரி நீங்க சொல்றீங்க?"

கனடாப் பழக்கம். அங்கே கதவில் இடித்துக்கொண்டால் கதவிடமே ஸாரி சொல்வோம். பதிலுக்கு ஆயத்தமாக ஒரு 'இட்ஸ் ஓகே' எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும். பதினாறு வருடத்தில் அந்த நாடு எனக்குக் கொடுத்த மொழி கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

உள்ளே நானூறு ஆண்கள் இருப்பார்கள். வேர்வை வாடை, ஜவ்வாது வாடை, பின்கட்டிலிருந்து பிரியாணி வாடை. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். "குடும்பம்ங்கறது ரயிலு. இன்ஜின் யாரு? நீ! அவ இன்னா? கோச்சு! கோச்சு இன்ஜினை இழுத்தா என்னா ஆவும்?" என்று கேட்டார். நானூறு பேரும் சிரித்தார்கள். ரயில்வே உதாரணம் என்பதால் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். அடுத்து மாமியார் ஜோக், புடவைக்கடை ஜோக். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "ஆமேன் சொல்லுங்க!" வேறு. பொண்டாட்டியைக் கேலி பண்ணுவதற்கு ஆமேன் போடுகிற கூட்டத்தை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். சீ என்று ஆகிவிட்டது.

எழுந்து பின்கட்டுக்குப் போனேன். "பெண்களுக்கு அனுமதி இல்லை" என்று முன்வாசலில் எழுதியிருந்ததே, பெண்கள் எல்லோரும் இங்கேதான் இருந்தார்கள். வெங்காயம் உரிக்க, அண்டா தேய்க்க, நானூறு எவர்சில்வர் தட்டு கழுவ. அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தர் தலையை வெளியே எடுத்துக் கேட்டார்.

"இன்னா தம்பி ஒரே சிரிப்பா கீது உள்ள? இன்னா பேசுறாங்க?"

"உங்களைப் பத்திதாங்கா."

"எங்களைப் பத்தியா? அப்போ எங்களைக் கூப்புட்டு உக்கார வெச்சில்ல பேசணும்?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அண்டாவுக்குள் போய்விட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு 'தகப்பன்–மகன் ஒப்புரவு' என்று ஒன்று வைத்திருந்தார்கள். கீபோர்டில் சோக ராகம். ஜோடி ஜோடியாக மேடையேறி, மைக்கில் பாவத்தைச் சொல்லி, கட்டிப்பிடித்து, கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். குடித்தேன், மன்னிச்சிரு. வீட்டை விட்டுப் போனேன், மன்னிச்சிரு. உங்கம்மாவை அடிச்சேன், மன்னிச்சிரு. இந்த மூன்றாவதுதான் அதிகம். அடி வாங்கினவர்களில் சிலர் அப்போது பின்கட்டில் எங்கள் எச்சில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்திருப்பார்கள்.

எட்வின் பிரதர் "அடுத்து, கனடாவிலேர்ந்து!" என்றார். அப்பா ஏற்கெனவே எழுந்துவிட்டார்.

மைக்கை ஒரே கையால் இறுக்கிப் பிடித்தார். நாற்பது வருடம் தண்டவாளத்தில் லீவர் இழுத்த கை.

"நானு... எங்க வீட்டுல அவளைக் கை நீட்டி அடிச்சிக்கீறேன். ஒரு தபா காது போயிடுச்சு. இவன் பாத்துக்கினு இருந்தான். சின்னப் பையன். டேய், அதுலேர்ந்து நீ என் மூஞ்சிய நேரா பாத்ததில்லடா. மன்னிச்சிருடா."

உண்மை. நான் பார்த்ததில்லை. இவருக்கு அது தெரியும் என்பது எனக்குத் தெரியாது. என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேளுப்பா. நாலே வார்த்தை. வாயைத் திறந்தேன். அப்பாவின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு நின்றது. கீபோர்டுக்காரன் ராகத்தை ஏற்றினான். யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"மன்னிச்சிட்டேம்பா" என்றேன்.

கூரை பிய்கிற மாதிரி கைதட்டினார்கள். கட்டிப்பிடித்தேன். அழுதேன். எட்வின் பிரதர் வீடியோவுக்காக அதையே இங்கிலீஷில் ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன், கழுதை.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு நன்றாக இருந்தது. உடம்பே லேசாகிவிட்டது. ஒரு வருடம் ஆகியும் எனக்குக் குமட்டுவது அந்தப் பிரசங்கியாரை நினைத்து அல்ல, இதை நினைத்துத்தான்.

5

திரும்பும்போது அப்பா திண்டிவனம் ஸ்டேஷனில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கினார். எனக்கு உரித்து உரித்துக் கொடுத்தார். வாழ்நாளில் செய்ததில்லை.

"பாரம் எறங்கிடுச்சுடா."

"அம்மாகிட்ட எப்போ சொல்லப் போறே?"

"உன்கிட்ட சொன்னா அவகிட்ட சொன்ன மாதிரிதானே? நீ யாரு, அவ பெத்த புள்ளதானே?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். நான் மல்லாட்டையைத் தின்றேன்.

வீட்டில் அம்மா இரண்டே கேள்வி கேட்டார்.

"பேசினாரா?"

"பேசினாரும்மா. மைக்குல."

"நீ இன்னா சொன்ன?"

சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "கை கழுவிக்கினு வா, சாப்புடலாம்" என்றார்.

மறுநாள் ஞாயிறு. மாதா கோயிலில் நன்மை நேரத்தில் பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். அப்பாவும் எழுந்தார். முட்டி வலி எதுவும் இல்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கைகூப்பிக்கொண்டு, வரிசையில் போய் நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா கழுத்தை நீட்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா வாங்கிக்கொண்டு கண்ணை மூடியபடி திரும்பி வந்தார், முதல் தடவையாகப் புதுநன்மை வாங்கின பிள்ளை மாதிரி முகம்.

பூசை முடிந்து, கெபி என்கிற மாதா குகைப் பக்கம் மெழுகுவத்தி ஏற்றும்போதுதான் அம்மா பேசினார்.

"அடி வாங்கினவ நானு. மன்னிச்சவன் நீயா? எட்டு வருஷமா அந்த ஒரு வார்த்தைக்குக் காத்துக்கினு இருந்தேன்டா. எங்க சுத்தினாலும் அதுக்கு என்கிட்டதான் வந்தாவணும்னு இருந்தேன். நீ போயி மேடையில வெச்சி அதைத் தீத்து உட்டுட்டு வந்துட்டியே. இனிமே அவுரு எதுக்குடா என்கிட்ட வருவாரு?"

தீக்குச்சி விரலைச் சுட்டது. நான் "ஸாரிம்மா" என்றேன். வேறு எந்த எழவு வார்த்தையும் என் வாயில் இல்லை. அம்மா இன்னொரு தீக்குச்சி எடுத்துக் கொடுத்தார்.

6

இது நடந்து ஒரு வருடம். அப்பா ஒரு ஞாயிறுகூட விடாமல் நன்மை வாங்குகிறார். அம்மா போனில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. நான் கிடங்கில் பெட்டி அடுக்கினேன். இப்போது பேனர்.

ரியா கேட்ட அன்று ஷிப்டு முடிந்து, ஊரில் விடியும்வரை காத்திருந்து, முதலில் எட்வின் பிரதருக்குப் போன் போட்டேன். என் படத்தை எடுத்துவிடுங்கள், அந்த மன்னிப்பு செல்லாது என்றேன்.

"சாட்சியை வாபஸ் வாங்க முடியாது பிரதர். ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சு" என்றார். வேண்டுமானால் அடுத்த வருடம் என் மனைவிக்காக ஜெபிக்கிறாராம். எதற்கு என்று கேட்டேன். பொதுவாக என்றார்.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன். நலம் விசாரிக்கக்கூட இல்லை. நின்றால் பயம் வந்துவிடும்.

"அப்பா, போன வருஷம் மேடையில மன்னிச்சிட்டேன்னு சொன்னேன் இல்ல? அது தப்பு. அது என் கையில இல்லாத விஷயம். நான் குடுத்தது செல்லாது."

"அதெப்படிடா? நானூறு பேரு முன்னாடி சொல்லிக்கீற."

"நானூறு பேர்ல ஒருத்தருக்கும் காது போகலப்பா."

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ ரயில் போனது.

"சாமியார் குடுத்த அபராதம் அப்படியேதான் இருக்கு" என்றேன். "அம்மா சொன்னாங்க. எனக்குத் தெரியும்."

"கனடாவுல இருந்துக்கினு எனக்குக் கோயில் கத்துக்குடுக்கிறியா?" என்று போனை வைத்துவிட்டார். ஒரு வாரம் எடுக்கவில்லை. எழுபத்தாறு வயது ஆளிடம் இப்படிப் பேசியிருக்க வேண்டுமா என்று ஸ்டெல்லா கேட்டாள். தெரியாது என்றேன். ரியா மட்டும் ஒரு நாள் கேட்டாள்: "பாட்டிகிட்ட தாத்தா கேட்டாச்சா?" தமிழில், முழு வாக்கியமாக.

நேற்று, இங்கே சனிக்கிழமை ராத்திரி, அங்கே ஞாயிறு காலைப் பூசை முடிந்த நேரம், அம்மா கூப்பிட்டார்.

"இன்னிக்கு உங்கப்பா வரிசையில நிக்கலடா. பக்கத்துல இருந்தவங்களுக்கு காலை ஒதுக்கி வழி உட்டுட்டு உக்காந்தே இருந்தாரு."

"முட்டி வலியாம்மா?"

"கேட்டேன். முட்டியெல்லாம் நல்லாத்தான் கீதுன்னாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வீட்டுக்கு வந்ததுலேர்ந்து என்னையே சுத்திச் சுத்தி வந்துக்கினு இருக்காரு. இப்பகூட இங்கதான் கட்டில்ல வந்து உக்காந்துக்கினு கீறாரு. வாயி என்னமோ அசையுது."

"என்னம்மா சொல்றாரு?"

"யாருக்குத் தெரியும்? எடது பக்கமால்ல உக்காந்துக்கினு கீறாரு." அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே குரலை உயர்த்தினார். என்னிடம் பேசவில்லை. "இந்தாங்க, எழுந்து இப்பிடி சோத்தாங்கைப் பக்கம் வந்து சொல்லுங்க. அந்தப் பக்கத்தைத்தான் நீங்களே அடைச்சி வெச்சிட்டீங்களே."

கட்டில் கிறீச்சென்றது. அதற்குப் பிறகு அம்மா போனை வைத்துவிட்டார்.